ஒரே காற்றைச் சுவாசித்தவர்கள்: ஒரு போர்க்கப்பலில் பரவிய காசநோய்

பின்னணி

ரிச்சர்ட் ஈ. பேர்ட் அமெரிக்கக் கடற்படையின் ஏவுகணை நாசகாரிக் கப்பல். 1964 மார்ச்சில் பணிக்கு வந்தது. நீளம் 133 மீட்டர், அகலம் 14 மீட்டர். கொதிகலன், என்ஜின், பீரங்கி, ஏவுகணை, எண்ணெய்த் தொட்டி, சமையற்கட்டு எல்லாம் போக மிஞ்சிய இடத்தில் ஏறத்தாழ 350 பேர் குடியிருந்தார்கள். பெரும்பாலோர் இளைஞர்கள். மருத்துவச் சோதனையில் தேறி வந்தவர்கள். மார்பு எக்ஸ்ரேயில் கறை தெரிந்தால் வாசலிலேயே திருப்பி அனுப்பிவிடுவார்கள்.

1960களின் நடுவில் இந்தக் கப்பலில் காசநோய் பரவியது. கடற்படை மருத்துவர் வெர்னன் ஹௌக்கும் அவருடைய குழுவினரும் அதை ஆராய்ந்து 1968இல் வரிசையாகக் கட்டுரைகள் வெளியிட்டார்கள். காற்று வழியாக டிபி பரவுவதைப் பற்றிப் பேசுகிறவர்கள் இன்றும் அந்த ஆய்வைச் சுட்டுகிறார்கள்.

நான் பல வருடம் சளிப் பரிசோதனைக் கூடத்தில் மைக்ராஸ்கோப் பார்த்தவன். இந்த நிகழ்வை நம் மொழியில் முழுதாக எழுதி வைக்க வேண்டும் என்ற எண்ணம் வெகுநாளாக உண்டு. கப்பலில் நடந்தது கப்பலோடு முடிகிற விஷயம் இல்லை. விடுதி, சிறை, ஏசி பேருந்து, தொழிற்சாலை தங்குமிடம் என்று மூடிய இடத்தில் பலர் சேர்ந்து தூங்கும் எல்லா ஊருக்கும் அது பொருந்தும்.

ஆட்களை எப்படிச் சோதித்தார்கள்

அன்றைய கடற்படையில் இரண்டு சல்லடைகள் இருந்தன. ஒன்று, சிறு படச்சுருளில் எடுக்கும் மார்பு எக்ஸ்ரே. இரண்டாம் உலகப் போர்க் காலத்திலேயே இது வழக்கத்துக்கு வந்துவிட்டது. ஒரே நாளில் நூற்றுக்கணக்கான பேரை நிறுத்தி எடுத்துவிடலாம். இன்னொன்று டியூபர்குலின் என்ற, காசநோய்க் கிருமியிலிருந்து எடுத்த புரத மருந்தைக் கொண்டு செய்யும் தோல் சோதனை. நம்மூரில் மாண்டூ என்றால் தெரியும்.

முன்னங்கையின் உள்பக்கம், தோலுக்கு அடியில் போகாமல் தோலுக்குள்ளேயே மருந்தைச் செலுத்த வேண்டும். சரியாகப் போனால் கொசு கடித்ததுபோல வெளிறிய சிறு புடைப்பு எழும். 48 மணிக்கும் 72 மணிக்கும் இடையில் திரும்பப் பார்க்க வேண்டும். சிவப்பு கணக்கில்லை, தடிப்புதான் கணக்கு. கண்ணால் பார்த்தால் ஏமாந்துவிடுவோம். பால்பாயிண்ட் பேனாவைத் தோலில் வைத்து மெதுவாகத் தள்ளிக்கொண்டே வந்தால் தடிப்பின் விளிம்பில் பேனா முட்டி நிற்கும். அந்தப் பக்கமிருந்தும் அதேபோல. இரண்டு கோட்டுக்கும் இடையில் எத்தனை மில்லிமீட்டர் என்று ஸ்கேலில் அளந்து எழுத வேண்டும். அந்த எண்ணை எழுதாமல் 'பாசிட்டிவ்', 'நெகட்டிவ்' என்று மட்டும் எழுதிவிட்டுப் போகிறவர்கள் இன்றும் இருக்கிறார்கள். எண் ஏன் தேவை என்பதைக் கீழே சொல்கிறேன்.

1958 முதல் சில ஆண்டுகள் அமெரிக்கக் கடற்படையில் புதிதாகச் சேர்ந்த பல லட்சம் இளைஞர்களுக்கு இந்தச் சோதனை நடந்தது. ஏறத்தாழ இருபதில் ஒருவருக்குத்தான் தடிப்பு வந்தது. அதாவது கப்பலில் ஏறியவர்களில் மிகப் பெரும்பாலோர் காசநோய்க் கிருமியை வாழ்நாளில் ஒருமுறைகூட உள்ளே வாங்காதவர்கள். நம் நாட்டில் நிலைமை வேறு. 2019 முதல் 2021 வரை நடந்த தேசியக் கணக்கெடுப்பில் பதினைந்து வயதுக்கு மேற்பட்டவர்களில் ஏறத்தாழ 31 விழுக்காட்டினருக்கு ஏற்கெனவே கிருமித் தொற்று இருப்பது தெரிந்தது. நம்மிடம் ஒரு கூட்டத்தைச் சோதித்தால் எது பழையது, எது புதியது என்று பிரிப்பது பெரும்பாடு. பேர்ட் கப்பலில் அந்தக் குழப்பம் குறைவு. துடைத்து வைத்த பலகைபோல இருந்த கூட்டத்தில் யார் யாருக்குப் புதிதாகத் தடிப்பு வந்தது என்று பார்த்தாலே கிருமி நடந்த வழி தெரிந்துவிடும்.

அன்றைக்கு எவ்வளவு தெரியும்

எதிரே நின்று இருமினால், ஒரே தட்டில் சாப்பிட்டால், பக்கத்தில் படுத்தால் வரும் என்பதுதான் அப்போது மருத்துவர்களிலேயே பலருடைய எண்ணம். நீண்ட நேரம் காற்றில் மிதந்து தூரத்து ஆளுக்கும் வரும் என்று வில்லியம் ஃபர்த் வெல்ஸ் 1930களிலிருந்தே சொல்லிவந்தார். முழுதாக ஏற்றவர்கள் குறைவு.

1950களின் பிற்பகுதியில் வெல்ஸும் ரிச்சர்ட் ரைலியும் பால்டிமோரில் முன்னாள் படைவீரர் மருத்துவமனை ஒன்றில் அதைச் செய்து காட்டினார்கள். ஆறு படுக்கை கொண்ட காசநோய் வார்டின் காற்றைக் குழாய் வழியாகக் கூரைக்குக் கொண்டுபோய், அங்கே கூண்டில் வைத்திருந்த கினிப்பன்றிகளைச் சுவாசிக்க விட்டார்கள். வார்டின் வாசலைக்கூடப் பார்க்காத பிராணிகளுக்கு நோய் வந்தது. அதே காற்றில் புறஊதாக் கதிர் பட்ட பிறகு அனுப்பிய இன்னொரு கூட்டத்துக்கு வரவில்லை.

இருமும்போது வெளிவரும் பெரிய துளி தரையில் விழுந்துவிடும். சின்னத் துளியின் ஈரம் நொடியில் காய்ந்து, கிருமியைச் சுமந்த நுண்துகள் மட்டும் மிஞ்சும். அளவு சில மைக்ரான் (ஒரு மைக்ரான், மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு). அது கீழே இறங்காது. காற்று போகும் இடமெல்லாம் போகும்.

கினிப்பன்றிக்கு நடந்தது மனிதருக்கு நடக்குமா என்பதுதான் பாக்கியிருந்த கேள்வி. யாரும் மனிதர்களைக் கூண்டில் வைத்துச் சோதிக்க முடியாது. பேர்ட் கப்பலில் அது யாரும் திட்டமிடாமல் நடந்துவிட்டது.

முதல் நோயாளி

அவர் ஒரு மாலுமி. அதிகாரி அல்ல. முதலாம் தங்கும் அறையில் படுப்பவர். போர்க்கப்பலின் தங்கும் அறையைப் பார்த்தவர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. மற்றவர்களுக்காகச் சொல்கிறேன். ஒன்றன் மேல் ஒன்றாக மூன்று அடுக்குப் படுக்கை. மல்லாந்து படுத்து முழங்கையை மடக்கினால் மேலே இருப்பவரின் படுக்கையில் இடிக்கும். அடுக்குக்கும் அடுக்குக்கும் நடுவில் ஒரு ஆள் பக்கவாட்டில் நுழையும் சந்து. இப்படி ஒரே அறையில் அறுபது எழுபது பேர். ஜன்னல் கிடையாது. காற்று மேலே ஓடும் தகரக் குழாயிலிருந்து வருகிறது, அதே குழாய் அமைப்புக்குத் திரும்பிப் போகிறது. குளிர்வித்த காற்றை வீணாக்காமல் இருக்க, வெளிக்காற்றைக் கொஞ்சமாகச் சேர்த்து உள்காற்றையே மறுபடி மறுபடி சுற்றவிடுவார்கள். ஒரே ஏசி அமைப்பு ஒன்றுக்கு மேற்பட்ட அறைகளுக்குக் காற்று கொடுக்கும்.

அந்த மாலுமிக்கு நுரையீரலில் குழி விழுந்திருந்தது. குழி விழுந்த நோயாளியின் சளியில் கிருமி எப்படி இருக்கும் என்று மைக்ராஸ்கோப்பில் பார்த்தவர்களுக்குத் தெரியும்: நீலப் பின்னணியில் சிவப்புக் குச்சிகள், எண்ண ஆரம்பித்தால் முடியாது. அவர் பல மாதங்கள் இருமலோடு அதே அறையில் படுத்து, அதே கப்பலில் வேலை செய்த பிறகுதான் நோய் கண்டுபிடிக்கப்பட்டது.

ஏன் இவ்வளவு தாமதம் என்று கேட்கத் தோன்றும். ஒரு கப்பலின் சிக் பே, அதாவது மருத்துவ அறை, எப்படி ஓடும் என்பதை நினைத்துப் பாருங்கள். இந்த அளவுக் கப்பலில் பெரும்பாலும் டாக்டர் இருப்பதில்லை. பயிற்சி பெற்ற மருத்துவ உதவியாளர்தான் எல்லாம். காலையில் வரிசையில் நிற்பவர்களில் பாதிப் பேருக்குச் சளி, இருமல். சிகரெட் குடிக்காத மாலுமி அபூர்வமாக இருந்த காலம். இருமல் மருந்து கொடுத்து அனுப்பினால் இரண்டு நாள் சற்றுத் தேவலை போலிருக்கும், அப்புறம் மறுபடி வரும். சேரும்போது எடுத்த எக்ஸ்ரே சுத்தமாக இருந்தது என்ற நினைப்பே கண்ணை மறைத்துவிடும். வாசலில் வைத்த சல்லடை அன்றைய நாளுக்கு மட்டும்தான் பொறுப்பு. ஆறு மாதம் கழித்து வரும் நோய்க்கு அது பதில் சொல்லாது.

கண்டவை

நோய் உறுதியானதும் கப்பல் முழுக்கத் தோல் சோதனை நடந்தது. முந்தைய சோதனைப் பதிவுகள் கையில் இருந்ததால் யாருக்குப் புதிதாக மாறியிருக்கிறது என்று ஒப்பிட முடிந்தது. முந்நூறுக்குச் சற்று மேற்பட்ட மாலுமிகளில் ஏறத்தாழ 140 பேருக்குப் புதிதாகத் தொற்றியிருந்தது. ஏழு பேரிடம் நோயே வெளிப்பட்டிருந்தது.

இந்த எண்ணிக்கையோடு நின்றிருந்தால் இது இன்னொரு பரவல் செய்தி, அவ்வளவுதான். ஹௌக் குழுவினர் அடுத்து ஒரு வேலை செய்தார்கள். ஒவ்வொருவரும் எங்கே படுக்கிறார், எங்கே வேலை செய்கிறார் என்று பிரித்து, அதைக் கப்பலின் காற்றுக்குழாய் வரைபடத்தோடு வைத்துப் பார்த்தார்கள்.

நோயாளி படுத்த முதலாம் அறையில் ஏறத்தாழ ஐந்தில் நான்கு பேருக்குத் தொற்று. இது எதிர்பார்த்ததுதான். இரண்டாம் அறையில் படுத்தவர்களிலும் பாதிக்குச் சற்று மேற்பட்டவர்களுக்குத் தொற்று இருந்தது. அந்த அறையில் நோயாளி படுக்கவில்லை. முதலாம் அறையின் காற்று, சுழற்சிக் குழாய் வழியாக இரண்டாம் அறைக்கும் போய்க்கொண்டிருந்தது. மற்ற இடங்களில் படுத்தவர்களிடம் விகிதம் குறைவு.

இதைப் படித்தபோது கொஞ்ச நேரம் புத்தகத்தை மூடி வைத்துவிட்டேன். அந்த ஆளோடு ஒரு வார்த்தை பேசாத, பக்கத்தில் உட்கார்ந்து சாப்பிடாத ஒரு பையன். இருமலைக் காதால்கூடக் கேட்டிருக்க மாட்டான். தன் படுக்கைக்கு மேலே இருக்கும் குழாய் வாயிலிருந்து குளுகுளுவென்று வந்த காற்றில், மாதக்கணக்கில், தூக்கத்தில் அதை உள்ளே இழுத்திருக்கிறான்.

எடுத்த முடிவுகளும் காரணங்களும்

நோய் உள்ளவர்களை இறக்கி மருத்துவமனைக்கு அனுப்புவதில் யாருக்கும் சந்தேகம் இருக்கவில்லை. யோசிக்க வேண்டியிருந்தது மற்றவர்களைப் பற்றித்தான். தோல் சோதனையில் மாறியவர்கள் நோயாளிகள் அல்ல. உள்ளே கிருமி இருக்கிறது, உடம்பு அதைக் கட்டி வைத்திருக்கிறது. அவர்களால் யாருக்கும் பரவாது. சிகிச்சை இல்லாவிட்டால் அவர்களில் பத்தில் ஒருவருக்கு வாழ்நாளில் எப்போதாவது நோயாக மாறலாம். அதில் பாதி, தொற்றிய முதல் இரண்டு வருடத்திலேயே நடந்துவிடும். ஆகவே 140 பேரையும் கரையில் இறக்க மருத்துவக் காரணம் ஏதுமில்லை. ஒன்றும் செய்யாமல் விட்டால் இரண்டு வருடத்துக்குள் இன்னும் ஏழெட்டுப் பேர் இருமத் தொடங்குவார்கள், ஒவ்வொருவரும் ஒவ்வொரு கப்பலில்.

மாறியவர்களுக்கு ஐசோனியாசிட் மாத்திரையை ஒரு வருடம் கொடுப்பது என்று முடிவானது. 1952இல் புழக்கத்துக்கு வந்த மருந்து. விலை மலிவு, தினம் ஒருவேளை. நோய் வருவதற்கு முன்பே கொடுத்தால் தடுக்கும் என்பதை அமெரிக்கப் பொதுச் சுகாதாரத் துறை அதற்குள் பெரிய ஆய்வுகளில் காட்டியிருந்தது. கப்பலில் அதைக் கொடுப்பது வீட்டில் கொடுப்பதைவிட எளிது. ஆள் எங்கும் போய்விட முடியாது, மாத்திரையை முன்னால் நின்று விழுங்க வைக்கலாம். அப்படிக் கொடுத்தவர்களில் சிலருக்குப் பிறகு தோல் சோதனையின் தடிப்பே மறைந்துபோனது என்றும் அதே குழு எழுதியது. தொற்றிய கையோடு மருந்து தொடங்கியதுதான் காரணம் என்பது அவர்கள் கருத்து.

இந்த முடிவில் எனக்கு மிகவும் பிடித்தது, தொற்று வேறு, நோய் வேறு என்று கறாராகப் பிரித்தது. அந்தக் கோட்டை அழித்துவிட்டு எல்லோரையும் 'டிபிக்காரன்' ஆக்கியிருந்தால் பாதிக் கப்பல் காலியாகியிருக்கும். அடுத்த கப்பலில் ஒருவனும் கையை நீட்டியிருக்க மாட்டான்.

வேலை என்ன ஆகும்

கடற்படையில் காசநோய் என்றால் முதலில் வரும் கேள்வி உயிரைப் பற்றியது அல்ல. வேலை இருக்குமா என்பதுதான். மருந்து இல்லாத காலத்தில் பதில் சுருக்கமானது: சானடோரியம் என்ற காசநோய் மருத்துவமனை, பிறகு வீடு. மருந்து வந்த பிறகு அந்தப் பதில் மாறியிருக்க வேண்டும். மெதுவாகத்தான் மாறியது.

அன்றைய அமெரிக்க நடைமுறை இப்படி. நோய் உறுதியான மாலுமியை மருத்துவக் குழு ஒன்று பார்த்து அறிக்கை எழுதும். அது உடற்தகுதி வாரியத்துக்குப் போகும். 1949ஆம் ஆண்டுச் சட்டம் தற்காலிக ஊனமுற்றோர் ஓய்வுப் பட்டியல் என்று ஒன்றை ஏற்படுத்தியிருந்தது. நோய் நிலைக்குமா, தீருமா என்று தெரியாத ஆளை உடனே நிரந்தரமாக வெளியே தள்ளாமல், அதிகபட்சம் ஐந்து வருடம் அந்தப் பட்டியலில் வைத்து, அவ்வப்போது கூப்பிட்டுச் சோதிப்பார்கள். அதுவரை சம்பளத்தில் குறைந்தது பாதி ஓய்வூதியமாக வரும். குணமாகித் தகுதி பெற்றால், அவரும் சம்மதித்தால், திரும்ப வேலைக்கு எடுத்துக்கொள்ளலாம். இப்போது அந்த ஐந்து வருடத்தை மூன்றாகக் குறைத்துவிட்டார்கள். காசநோய்க்காகவே தைத்த சட்டை போன்ற ஏற்பாடு இது. ஒரு வருடம், ஒன்றரை வருடம் மருந்து சாப்பிட்டுக் குணமாகும் நோய்க்கு, 'முடிந்தது, போ' என்று சொல்வது அநியாயம்.

இன்னொரு விதியும் கவனிக்கத்தக்கது. படையை விட்டுப் போன மூன்று வருடத்துக்குள் காசநோய் தீவிரமாக வெளிப்பட்டால், அது படைப்பணியில் வந்ததாகவே எடுத்துக்கொள்ள வேண்டும் என்று அமெரிக்க முன்னாள் படைவீரர் சட்டம் சொல்கிறது. நிரூபிக்கும் பாரம் அவர் தலையில் இல்லை. பேர்ட் கப்பலின் அந்த 140 பேரை நினைத்துப் பாருங்கள். பலரும் சில வருட ஒப்பந்தத்தில் வந்தவர்கள், விரைவில் ஊருக்குப் போகிறவர்கள். இரண்டாம் வருடம் ஊரில் நோய் வந்தால் இந்த விதி அவர்களைக் காப்பாற்றும். எட்டாம் வருடம் வந்தால் காப்பாற்றாது. அப்போது கையில் இருக்கக்கூடிய ஒரே சாட்சி, கப்பலில் சோதித்த நாளில் யாரோ எழுதி வைத்த ஒரு வரி: தேதி, மருந்தின் அளவு, இத்தனை மில்லிமீட்டர். எண்ணை எழுதச் சொன்னது இதற்காகவும்தான்.

ஹௌக் குழுவின் கட்டுரைகள் வந்த அதே 1968 ஆகஸ்டில் அமெரிக்க நாடாளுமன்றம் வேறொரு மாற்றத்தைச் செய்தது. அதுவரை, நோய் அடங்கிய பிறகும் படிப்படியாகக் குறைந்துகொண்டே வரும் இழப்பீடு பதினொரு வருடம் வரை கிடைத்துவந்தது. ஆகஸ்ட் 19க்குப் பிறகு புதிதாக வருகிறவர்களுக்கு அது கிடையாது. நோய் அடங்கி ஒரு வருடம் வரை முழு இழப்பீடு, பிறகு நுரையீரலில் என்ன சேதம் மிஞ்சியிருக்கிறதோ அதற்கு மட்டும். மருந்தால் குணமாகிறது என்று அரசாங்கம் நம்பத் தொடங்கியதன் அடையாளம் இது. அந்த நம்பிக்கை நியாயமானதுதான். அப்படி நம்புகிற அரசாங்கம், குணமானவரை வேலைக்குத் திரும்ப எடுப்பதிலும் அதே வேகம் காட்ட வேண்டும். இழப்பீட்டைக் குறைக்கும்போது மட்டும் 'குணமாகிவிட்டது', வேலை கேட்டால் மட்டும் 'டிபி வந்தவர்' என்பது நேர்மை இல்லை.

இங்கே சென்னையை நினைவுகூராமல் இருக்க முடியாது. 1956இல் சென்னையில் தொடங்கிய காசநோய் மருந்தாய்வு மையம், நோயாளிகளை இரண்டாகப் பிரித்து ஒரு பகுதியினரைச் சானடோரியத்திலும் இன்னொரு பகுதியினரை அவரவர் வீட்டிலும் வைத்து ஒரே மருந்தை ஒரு வருடம் கொடுத்தது. 1959இல் முடிவு வந்தது. நெரிசலான வீட்டில், அரைவயிற்றுச் சாப்பாட்டில் இருந்தவர்களும் ஏறத்தாழ அதே அளவு குணமடைந்தார்கள். வீட்டில் உடனிருந்தவர்களுக்குக் கூடுதலாக நோய் பரவவும் இல்லை. காரணம் எளிது. மருந்து தொடங்கியதும் பரவும் தன்மை மளமளவென்று குறைந்துவிடுகிறது. உடனிருந்தவர்களுக்கு வரவேண்டியது, கண்டுபிடிக்கும் முன்பே வந்துவிட்டிருக்கிறது.

பேர்ட் கப்பலையும் சென்னையையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் ஒரே உண்மைதான் இரண்டிலும் தெரிகிறது. மருந்து சாப்பிடுகிற மாலுமியால் ஆபத்து இல்லை. பெயர் எதிலும் பதியாமல், இருமல் மருந்து வாங்கிக்கொண்டு படுக்கைக்குப் போகிற மாலுமியால்தான் ஆபத்து.

அப்புறம் நடந்தவை

ஐசோனியாசிட் எல்லோருக்கும் சாதுவான மருந்து என்ற எண்ணம் 1970இல் உடைந்தது. வாஷிங்டனில் நாடாளுமன்ற வளாக ஊழியர்கள் ஈராயிரத்துக்கும் மேற்பட்டவர்களுக்குத் தடுப்பாக அதைக் கொடுத்தபோது சிலருக்குக் கல்லீரல் அழற்சி வந்தது, இருவர் இறந்தார்கள். அதற்குப் பிறகு மாதாமாதம் விசாரித்து, குடிப்பழக்கம் கேட்டு, தேவைப்பட்டால் ரத்தம் பார்த்துக் கொடுப்பது வழக்கமானது.

கடற்படை பாடத்தை முழுதாகக் கற்றுக்கொண்டதா என்றால், இல்லை. 1998இல் வாஸ்ப் என்ற பெரிய கப்பலில் மாலுமிகளும் மரைன் படையினரும் சேர்ந்து பயணித்தபோது 21 பேருக்கு நோயும் 712 பேருக்குத் தொற்றும் கண்டறியப்பட்டன. முப்பது வருடம் கழித்து, வேறு கப்பலில், அதே கதை. 2006இல் ரொனால்ட் ரீகன் விமானந்தாங்கிக் கப்பலில் ஒரு மாலுமிக்கு ஜூலையில் நோய் உறுதியானது. அவருடைய சளியில் மைக்ராஸ்கோப்புக்குக் கிருமி தெரியவில்லை, சளியிலிருக்கும் கிருமியைக் கூடத்தில் வளர்த்துப் பார்க்கும் வளர்ப்புச் சோதனையில்தான் தெரிந்தது. அங்கே பரவல் குறைவு. தடிப்பு வந்தவர்களில் பலர், காசநோய் அதிகமுள்ள நாடுகளில் பிறந்து தொற்றை ஏற்கெனவே சுமந்தவர்கள். பழைய பதிவு சரியாக இல்லாவிட்டால் அவர்களையும் புதுத் தொற்று என்று எண்ணிப் பதறிவிடுவோம்.

இன்று என்றால் எதை மாற்ற வேண்டும்

முதலில், தொடர்பில் இருந்தவர் யார் என்பதற்கான விளக்கத்தை மாற்ற வேண்டும். 'யாரோடு பழகினீர்கள்?' என்று கேட்டுப் பட்டியல் எடுத்தால் பேர்ட் கப்பலின் இரண்டாம் அறை பட்டியலில் வந்திருக்காது. காற்றுக்குழாய் வரைபடத்தைக் கையில் வைத்துக்கொண்டுதான் பட்டியல் போட வேண்டும். நம்மூர் விடுதிகளிலும் இதே வேலையைச் செய்யலாம். எந்த ஏசி எந்தெந்த அறைக்குக் காற்று கொடுக்கிறது என்று எலக்ட்ரீஷியனைக் கேட்டாலே சொல்லிவிடுவார்.

சுழற்சிக் காற்றில் வெளிக்காற்றின் பங்கைக் கூட்டுவது, நுண்துகளைப் பிடிக்கும் வடிகட்டி, குழாய்க்குள் புறஊதா விளக்கு என்று இன்றைக்கு வழிகள் பல உண்டு. செலவு பிடிக்கும். இருமலைக் கணக்கு வைப்பதற்குச் செலவே இல்லை. இரண்டு வாரத்துக்கு மேல் இருமினால் சளிப் பரிசோதனை என்பது நம் நாட்டு டிபி திட்டத்தில் பால பாடம். சிக் பே பதிவேட்டில் ஒரே பெயர் இருமலுக்காக மூன்றாம் முறை வந்தால் அந்த வரியில் சிவப்புக் கோடு விழ வேண்டும். இப்போது சளியில் கிருமியின் மரபணுவைத் தேடும் சிபிநாட், ட்ரூநாட் கருவிகள் இரண்டு மணி நேரத்துக்குள் முடிவைச் சொல்லிவிடுகின்றன. தடுப்பு மருந்தும் சுருங்கிவிட்டது. ஒரு வருடத்துக்குப் பதில், வாரம் ஒருமுறை வீதம் பன்னிரண்டு தவணை ஐசோனியாசிட்டும் ரிஃபாபென்டினும் போதும்.

இதையெல்லாம்விட முக்கியமாக நான் கேட்பது வேலை உத்தரவாதம். தூத்துக்குடிப் பக்கத்துக்காரர் ஒருவர், சரக்குக் கப்பலில் வேலை பார்ப்பவர், ஒருமுறை எங்கள் மையத்துக்கு வந்தார். சளி டப்பாவைக் கையில் வாங்கியவர் அதில் எழுதியிருந்த தன் பெயரைக் கட்டைவிரலால் மறைத்துக்கொண்டே நின்றார். இருமல் எத்தனை நாளாக என்று கேட்டதற்கு, 'அண்ணே, அடுத்த மாசம் மெடிக்கல். ரிசல்ட் கம்பெனிக்குப் போகாதுல்ல?' என்றார். மூன்று மாதமாக இருமல். அதில் இரண்டு மாதம் கப்பலில். நான்கு பேர் படுக்கும் அறை. 'முதல்ல சளியக் குடுங்க தம்பி, ஆறு மாசம் மாத்திர சாப்பிட்டா சரியாயிடும், கப்பல் எங்கயும் ஓடிடாது' என்று சொன்னேன். சொல்லும்போதே, கடைசிச் சொல் உண்மையா என்று எனக்கே தெரியவில்லை. அவருக்கு டிபிதான். ஆறு மாதம் ஒழுங்காகச் சாப்பிட்டார், சளி சுத்தமானது. அந்த வருட ஒப்பந்தம் போனது போனதுதான். அந்த அறையில் உடன் படுத்த மற்ற மூன்று பேருக்கு யாரும் தகவல் சொன்னதாகத் தெரியவில்லை.

நோய் வந்தால் வேலை போகும் என்கிற இடத்தில் எந்தச் சல்லடையும் வேலை செய்யாது. இருமலை விழுங்கிக்கொள்வார்கள். ஆகவே விதியை எழுதும்போது வரிசை இப்படி இருக்க வேண்டும் என்பேன்: நோய் உறுதியானால் மருத்துவ விடுப்பு, சம்பளத்தோடு. சளி சுத்தமாகும்வரை கரை வேலை. சிகிச்சை முடிந்து நுரையீரல் தாங்கும் என்று தெரிந்தால் திரும்பக் கப்பல். மூச்சு உண்மையிலேயே தாங்காதவருக்கு மட்டும் மருத்துவ விடுவிப்பு, அதுவும் ஓய்வூதியத்தோடு. தொற்று மட்டும் உள்ளவருக்குத் தடுப்பு மருந்தைத் தவிர வேறெந்தக் கெடுபிடியும் வேண்டாம். அவருடைய மருத்துவக் கோப்பில் தேதியும் மில்லிமீட்டரும் எழுதி, ஒரு நகலை அவர் கையிலும் கொடுத்துவிட வேண்டும்.